டிஸ்சார்ஜ் ஆகும் நோயாளிக்கு மருந்தை யார் விளக்குவது? சிஸ்டர், பார்மசிஸ்ட், தனி அறை, தாள், போன்: ஓர் ஒப்பீடு

சின்ன, நடுத்தர மருத்துவமனைகளை நடத்துகிறவர்களிடமிருந்து அடிக்கடி வரும் கேள்வி இது. நோயாளிகளுக்கு மருந்தை விளக்கிச் சொல்ல ஏதாவது ஏற்பாடு செய்தாக வேண்டும். வார்டு சிஸ்டர்களையே சொல்ல வைக்கலாமா? பார்ம்.டி என்ற பார்மசிஸ்ட் படிப்பு படித்த ஒருவரை வேலைக்கு எடுக்கலாமா? மருந்தகத்தை ஒட்டி ஒரு கண்ணாடி அறை போடலாமா? இல்லை, அச்சடித்த தாள் ஒன்றைக் கையில் கொடுத்து அனுப்பிவிடலாமா?

சட்டம் என்ன சொல்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்திய பார்மசி கவுன்சிலின் 2015ஆம் ஆண்டு நடைமுறை ஒழுங்குமுறைகள், நோயாளிக்கு மருந்தை விளக்குவதைப் பதிவு பெற்ற பார்மசிஸ்ட்டின் கடமையாக வைத்திருக்கின்றன. மருந்தின் பெயர், அளவு, எதற்காக, எத்தனை நாள், பக்கவிளைவு, எப்படிப் பாதுகாப்பது, ஒரு வேளை மறந்தால் என்ன செய்வது எல்லாம் அதில் அடக்கம். கவுன்டரில் இருபது பேர் நிற்கும்போது இவ்வளவையும் யார் சொல்வது என்பதுதான் பிரச்சினை. அதனால் சட்டத்தை ஒரு பக்கம் வைத்துவிட்டு, நடைமுறையில் எது வேலைக்கு ஆகும் என்று பார்க்கலாம்.

எதை வைத்து அளப்பது

முதல் அளவுகோல் நேரம். டாக்டர் காலை ரவுண்ட்ஸில் "இன்னைக்கு வீட்டுக்குப் போகலாம்" என்று சொல்லிவிட்டுப் போவார். அதன்பின் பில், இன்ஷூரன்ஸ் அனுமதி, மறுபடி பில். சாயங்காலம் நான்கு மணிக்கு எல்லாம் முடியும்போது நோயாளி சட்டை மாற்றிக் கட்டிலில் உட்கார்ந்திருப்பார், மகன் கீழே ஆட்டோ பிடித்து வைத்திருப்பார். அந்த நேரத்தில் தங்கமான விஷயத்தைச் சொன்னாலும் காதில் ஏறாது. என்னைக் கேட்டால் யார் சொல்கிறார் என்பதைவிட எப்போது சொல்கிறார் என்பதுதான் பெரிது. பல மருத்துவமனைகள் ஆளைத் தேர்ந்தெடுப்பதிலேயே மூழ்கி இதைக் கோட்டை விடுகின்றன.

இரண்டாவது, கேட்பவர் யார். நம் வீடுகளில் வயதானவர்களுக்கு மாத்திரையை எடுத்துக் கொடுப்பது பெரும்பாலும் மருமகளோ, மகளோ, மனைவியோதான். டிஸ்சார்ஜ் அன்று கையெழுத்துப் போட வருவது மறுநாள் காலை பெங்களூருக்கு ரயில் ஏறப்போகும் மகன். அவருக்கு விளக்கி என்ன பயன்?

மூன்றாவது, சொன்னது புரிந்ததா என்று சோதிக்க வழி இருக்கிறதா. "புரிஞ்சுதா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். அது சோதனை ஆகாது. நான்காவது, வீட்டில் ஏற்கெனவே இருக்கும் மாத்திரைகளோடு புதியவற்றை ஒப்பிட்டுப் பார்க்கிறார்களா. ஐந்தாவது செலவு. சம்பளத்தோடு முடியாமல் பின்னால் வரும் செலவுகளையும் சேர்த்துத்தான். கடைசியாக ஒன்று: ஞாயிற்றுக்கிழமையும் அந்த ஏற்பாடு ஓடுமா?

வார்டு சிஸ்டர் சொல்வது

பெரும்பாலான இடங்களில் இப்போதே நடப்பது இதுதான். சிஸ்டருக்குப் பெரிய பலம், நோயாளி அவரை நம்புகிறார். நாலு நாளாக ஊசி போட்டு, மாத்திரை கொடுத்து, இரவில் எழுந்து பார்த்தவர் அவர். வீட்டில் யார் பார்த்துக்கொள்கிறார்கள் என்பதும் அவருக்குத் தெரியும். ராத்திரி, ஞாயிறு, பொங்கல் என்று எந்த நாளும் வார்டில் ஒருவர் இருப்பார். இன்சுலின் போடக் கற்றுக்கொடுப்பதில் சிஸ்டரை மிஞ்ச ஆளில்லை. நோயாளியின் கையைப் பிடித்து மூன்று வேளை போட வைத்தால் நான்காவது வேளை அவரே போட்டுக்கொள்வார்.

குறை என்னவென்றால், சொல்வது ஒப்பிப்பாக மாறிவிடுகிறது. "இது காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. இது சாப்பாட்டுக்கு முன்னாடி. இது பதினஞ்சு நாளைக்கு மட்டும். சரியாம்மா?" "சரிங்க சிஸ்டர்." ஒரு நிமிடத்தில் முடிந்தது. அடுத்த கட்டிலில் ட்ரிப் முடிந்து மணி அடிக்கிறது, சிஸ்டரைக் குறை சொல்ல முடியாது. ஃபைலில் 'மருந்து விளக்கப்பட்டது' என்ற கட்டத்தில் டிக் விழுந்துவிடும். தர அங்கீகாரத்துக்கு ஆய்வு செய்ய வருகிறவர்களுக்கு டிக் போதும், நோயாளிக்குப் போதாது.

செலவே இல்லை என்று நினைத்துத்தான் நிர்வாகம் இதைத் தேர்ந்தெடுக்கும். ஆனால் சிறிய மருத்துவமனைகளில் சிஸ்டர்கள் நிலைப்பதில்லை. நல்ல பயிற்சி கொடுத்தால் ஒரு வருடத்தில் பெரிய மருத்துவமனைக்கோ வெளிநாட்டுக்கோ போய்விடுவார்கள். பயிற்சி ஒருமுறைச் செலவு என்று கணக்குப் போடாதீர்கள், அது ஆண்டுச் செலவு.

பிரசவம், குடலிறக்கம், அப்பெண்டிக்ஸ் போல நாலைந்து மருந்தோடு, குறுகிய நாட்களுக்கு வீட்டுக்குப் போகிறவர்களுக்கு சிஸ்டரே போதும்.

மருந்தகக் கவுன்டரில் சொல்வது

கவுன்டருக்கு வருவது நோயாளி அல்ல, கூட இருப்பவர். அவர் பின்னால் வரிசை. மனநல மருந்து, பாலியல் நோய்க்கான மருந்து போன்றவற்றை அங்கே வாய்விட்டு விளக்கவும் முடியாது.

ஆனாலும் கவுன்டரை ஒதுக்க முடியாது. நோயாளி வீட்டுக்குக் கொண்டுபோகப்போகும் அட்டை கையில் இருக்கும் இடம் அது ஒன்றுதான். டிஸ்சார்ஜ் சம்மரியில் ஒரு கம்பெனிப் பெயர் இருக்கும். அது ஸ்டாக் இல்லாமல் வேறு கம்பெனி மாத்திரையைக் கொடுத்திருப்பார்கள். வீட்டில் தாளையும் அட்டையையும் வைத்துப் பார்க்கிறவர் பெயர் பொருந்தாமல் விழிப்பார், அல்லது இது வேறு மாத்திரை என்று நினைத்து மறுபடி கடைக்குப் போய்த் தாளில் உள்ளதையும் வாங்கிவிடுவார். அட்டையைக் கத்தரித்து ஏழு மாத்திரை கொடுக்கும்போது மருந்தின் பெயரும் காலாவதித் தேதியும் கடையிலேயே தங்கிவிடுவதும் உண்டு. கவரின் மேல் மருந்தின் பெயர், எதற்கு, எந்த வேளை என்று தமிழில் எழுதி ஒட்டினால் இந்தக் குழப்பத்தில் பாதி தீரும். என்ன மாற்றிக் கொடுத்தார்களோ அதையும் அங்கேயே எழுத வேண்டும்.

வெளிநோயாளிகளுக்கு, அதிலும் குழந்தைகளுக்கு, கவுன்டர் விளக்கம் அவசியம். பொடியாக வரும் ஆன்டிபயாடிக் சிரப்பில் கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரைக் கோடு வரை ஊற்றிக் குலுக்க வேண்டும், ஊற்றும் முன் ஒவ்வொரு முறையும் குலுக்க வேண்டும், கலக்கிய மருந்தைக் குறிப்பிட்ட நாளுக்குமேல் வைத்திருக்கக் கூடாது. அப்புறம் பாராசிட்டமால். சொட்டு மருந்தாக வருவதில் பெரும்பாலும் 1 மில்லியில் 100 மில்லிகிராம், சிரப்பில் 5 மில்லிக்கு 120 அல்லது 250. சிரப்புக்குச் சொன்ன 5 மில்லியைச் சொட்டு மருந்துப் பாட்டிலிலிருந்து ஊற்றினால் போவது 500 மில்லிகிராம். கைக்குழந்தைக்கு அது விளையாட்டில்லை. பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு, அளவு மூடியில் கோட்டைக் காட்டிச் சொல்ல அரை நிமிடம் போதும்.

கட்டிலருகே க்ளினிகல் பார்மசிஸ்ட்

இந்தியாவில் பார்ம்.டி படிப்பு 2008இல் வந்தது. ஐந்து ஆண்டுப் படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி. கேஸ் ஷீட்டைப் படித்து, மருந்துகளை ஒப்பிட்டு, நோயாளியிடம் பேசுவதற்காகவே பயிற்சி பெற்றவர்கள். மேலே சொன்ன அளவுகோல்களில் மூன்றாவதிலும் நான்காவதிலும் இவர்களை யாரும் தொட முடியாது.

நல்ல பார்மசிஸ்ட் முதலில் கேட்பது வீட்டு மாத்திரைப் பையைத்தான். "வீட்ல என்னென்ன மாத்திரை போடுறீங்களோ எல்லாத்தையும் ஒரு பையில போட்டு எடுத்துட்டு வரச் சொல்லுங்க." பை வந்ததும் கட்டில் மேல் கொட்டிப் பிரிப்பார். பழைய அட்டையிலும் பிரஷர் மாத்திரையான டெல்மிசார்ட்டான் 40, புது அட்டையிலும் டெல்மிசார்ட்டான் 40. கம்பெனிப் பெயர் வேறு, டப்பா நிறம் வேறு. சொல்லாமல் விட்டிருந்தால் வீட்டில் இரண்டையும் போட்டு, காலையில் எழுந்து நிற்கும்போது தலைசுற்றி விழுந்திருப்பார். மூட்டுவலி மாத்திரையிலேயே பாராசிட்டமால் கலந்திருக்கும், காய்ச்சலுக்கு என்று பாராசிட்டமால் 650 தனியாகவும் இருக்கும். அதுவும் இந்தப் பையில்தான் அகப்படும்.

தமிழ்நாட்டில் இன்னொன்றும் கேட்க வேண்டும். 2021 ஆகஸ்டில் மக்களைத் தேடி மருத்துவம் என்ற அரசுத் திட்டம் தொடங்கிய பின், நிறையப் பேருக்குப் பிரஷர், சுகர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அவர்களே தனியார் மருத்துவமனையில் ஆபரேஷனுக்கு வந்தால் "வேற மாத்திரை ஏதும் போடுறீங்களா?" என்ற கேள்விக்கு "இல்லைங்க" என்பார்கள். "வீட்டுக்கு வந்து யாராச்சும் மாத்திரை குடுக்குறாங்களா?" என்று கேட்டால்தான் "ஆமா, அது கவர்மெண்ட் மாத்திரை" என்று வரும். பொய் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் கேட்பது ஆஸ்பத்திரி மாத்திரையைத்தான் என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

அடுத்தது திரும்பச் சொல்ல வைப்பது.

"அம்மா, நாளைக்குக் காலையில எழுந்ததும் முதல்ல எதைப் போடுவீங்க? இதுல இருந்து எடுத்துக் காட்டுங்க."

"இந்தா, இந்தச் சின்ன டப்பா. காபி குடிச்சுட்டு ஒண்ணு."

"இது எதுக்குக் குடுத்திருக்காங்க?"

"சுகருக்குத்தானே?"

டப்பாவில் இருப்பது தைராய்டு மாத்திரை. வெறும் வயிற்றில் தண்ணீரோடு போட்டுவிட்டு, காபிக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் பொறுக்க வேண்டியது. சற்று முன்தான் இதே மாத்திரையை விளக்கியிருந்தார்கள், அம்மாவும் தலையாட்டியிருந்தார். இரண்டே கேள்வியில் மூன்று தவறு வெளியே வந்துவிட்டது: எதற்கு என்பது, எப்போது என்பது, காபி. அப்படியே கால்சியம், இரும்புச் சத்து மாத்திரைகளுக்கு நாலு மணி நேர இடைவெளி வேண்டும் என்பதையும் சொல்லிவிடலாம். கேட்கும் தொனி முக்கியம். பரீட்சை வைப்பது போல இருந்தால் பெரியவர்கள் முகம் சுருங்கிவிடும். "நான் சரியாச் சொன்னேனான்னு பார்க்கத்தான் கேக்குறேன்மா" என்று பழியைத் தன் மேல் போட்டுக்கொள்ள வேண்டும்.

இன்ஹேலர் இன்னொன்று. கருவியில் வைத்து உறிஞ்ச வேண்டிய கேப்ஸ்யூலைத் தண்ணீர் ஊற்றி விழுங்குகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். பார்ப்பதற்கு மற்ற கேப்ஸ்யூல் மாதிரியேதான் இருக்கிறது, அவர்கள் என்ன செய்வார்கள்? வாயால் சொல்லி இது தீராது, கருவியைக் கையில் கொடுத்து உறிஞ்ச வைத்துப் பார்க்க வேண்டும். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் பின்னால் வாய் கொப்பளித்துத் துப்ப வேண்டும்.

இவ்வளவு நல்லது என்றால் எல்லோருக்கும் இதையே செய்துவிடலாமே? கணக்குப் போட்டுப் பாருங்கள். நூறு படுக்கையில் எண்பது நிரம்பி, ஒருவர் சராசரியாக நாலு நாள் தங்கினால் தினமும் இருபது டிஸ்சார்ஜ். ஒருவருக்குக் கேஸ் ஷீட் படிக்கப் பத்து நிமிடம், பேசப் பதினைந்து நிமிடம் வைத்தால் எட்டு மணி நேரத்துக்கும் மேல். ஒரு ஆளுக்கு முடியாது. இரண்டு பேர் போட்டாலும் ஒருவர் விடுப்பில் போகும் நாள் உண்டு.

கணக்கில் தெரியாத செலவு வேறொன்று. பார்மசிஸ்ட் ஒரு பிழையைக் கண்டுபிடித்தால் டாக்டரிடம் சொல்ல வேண்டும். "என் மருந்துச் சீட்டைத் திருத்த நீ யார்?" என்று கேட்கும் டாக்டர் இருக்கும் இடத்தில், மூன்றாவது மாதம் அந்தப் பார்மசிஸ்ட் வாயை மூடிக்கொள்வார், ஆறாவது மாதம் வேலையை விட்டுவிடுவார். ஆள் எடுக்கும் முன் சீனியர் டாக்டர்களை உட்கார வைத்துப் பேசுங்கள். அது நடக்கவில்லை என்றால் இந்த வழியில் பணம் போடாதீர்கள். பக்கத்துக் கல்லூரியிலிருந்து பார்ம்.டி பயிற்சி மாணவர்கள் வருகிறார்கள் என்றால் நல்லதுதான், ஆனால் மேற்பார்க்க ஒரு சீனியர் இல்லாமல் அவர்களிடம் மட்டும் விட்டால் பழைய டிக் கதைதான்.

தனி ஆலோசனை அறை

திறப்பு விழாவுக்கும் புகைப்படத்துக்கும் அழகாக இருக்கும். உள்நோயாளியைப் பொறுத்தவரை இதில் எனக்கு நம்பிக்கை இல்லை. ஆபரேஷன் ஆனவர் வீல்சேரில் அங்கே வர வேண்டும், வரும் நேரமும் பில் கட்டிய பின். "அப்புறம் வர்றோம் சார்" என்று நழுவிவிடுவார்கள். இருக்கும் ஒரே பார்மசிஸ்ட்டை அந்தக் கண்ணாடிக் கதவுக்குப் பின்னால் உட்கார வைப்பது அவரை வீணடிப்பது.

மாதாமாதம் திரும்பி வருகிற, வெளியில் பேசத் தயங்குகிற நோயாளிகளுக்கு மட்டும் கதை வேறு. அரசு மருத்துவமனைகளில் எச்.ஐ.வி. பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் உள்ள நம்பிக்கை மையங்கள் தனி அறையில் நடப்பதற்குக் காரணம் இருக்கிறது. மனநலம், வலிப்பு, குழந்தையின்மை சிகிச்சை, ரத்தம் உறையாமல் இருக்கும் மாத்திரைக்காக மாதம் ஒருமுறை ரத்தப் பரிசோதனைக்கு வருகிறவர்கள் ஆகியோருக்கு அறை வைத்தால் நிரம்பும்.

தாளும் வாட்ஸ்அப்பும்

தாள் தனியாக எதையும் விளக்காது, சொன்னதை நினைவூட்டும். ஆங்கில டிஸ்சார்ஜ் சம்மரியில் இருக்கும் 1-0-1 என்பது காலை, மதியம், இரவு என்று யாருக்குத் தானாகத் தெரியும்? சூரியன், உச்சிச் சூரியன், நிலா படம் போட்டு, நேரே எண்ணிக்கை, எதற்கு, எத்தனை நாள் என்று ஒரே பக்கத்தில், கண்ணாடி இல்லாமலே படிக்கும் எழுத்தில் தர வேண்டும். மாத்திரையின் நிறத்தை எழுதாதீர்கள், அடுத்த மாதம் வேறு கம்பெனி வாங்கினால் நிறம் மாறிவிடும்.

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒருமுறை மட்டும் போட வேண்டிய மெத்தோட்ரெக்சேட்டுக்கு "வாரம் 1" என்று எழுதினால் போதாது. "புதன்கிழமை மட்டும்" என்று கிழமையோடு எழுத வேண்டும். இதைத் தினமும் போட்டால் ரத்த அணுக்கள் குறைந்து உயிருக்கே ஆபத்து.

வாட்ஸ்அப்பில் இன்ஹேலர், இன்சுலின் வீடியோக்களைத் தமிழில் எடுத்து அனுப்புவது நல்ல பழக்கம். ஒருமுறை எடுத்தால் போதும், வெளியூர் மகளும் பார்க்கலாம். ஆனால் அந்த எண்ணுக்கு நோயாளிகள் கேள்வி அனுப்புவார்கள். இரவு பதினொரு மணிக்கு "மூச்சு வாங்குது" என்று வந்தால் யார் பார்ப்பது? பதில் சொல்ல ஆளில்லாத எண் என்றால் அதைப் பெரிதாக எழுதி, அவசரத்துக்கு வேறு எண் கொடுங்கள்.

வீட்டுக்குப் போன பிறகு போன்

மூன்றாம் நாள் ஒரு போன். எல்லா வழிகளிலும் குறைந்த செலவில் நிறையப் பிழை பிடிப்பது இதுதான் என்பேன், ஏனென்றால் குழப்பம் தொடங்குவதே வீட்டில் பையைப் பிரித்த பிறகுதான். "மாத்திரை ஒழுங்கா போடுறீங்களா?" என்று கேட்கக் கூடாது, "ஆமா" என்றுதான் பதில் வரும். "இன்னைக்குக் காலையில என்னென்ன போட்டீங்க? அட்டையை எடுத்துட்டு வாங்க, எழுத்தைப் படிச்சுச் சொல்லுங்க" என்று கேட்க வேண்டும்.

இன்சுலின் நோயாளியிடம் ஊசியின் மூடி என்ன நிறம் என்று கேளுங்கள். நம் ஊரில் 1 மில்லிக்கு 40 யூனிட் உள்ள குப்பிக்குச் சிவப்பு மூடி ஊசி, 1 மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்துக்கு ஆரஞ்சு மூடி. 100 யூனிட் மருந்தைச் சிவப்பு மூடி ஊசியில் இருபது கோடு வரை இழுத்தால் உள்ளே போவது ஐம்பது யூனிட். மாற்றி, 40 யூனிட் மருந்தை ஆரஞ்சு மூடி ஊசியில் இழுத்தால் இருபதுக்குப் பதில் எட்டுதான் போகும். மருத்துவமனையில் சரியான ஊசியோடு கற்றுக்கொண்டவர், தீர்ந்ததும் தெருமுனைக் கடையில் இருந்ததை வாங்கியிருப்பார்.

தெரியாத எண் என்றால் யாரும் எடுப்பதில்லை, ஆகையால் வார்டில் இருக்கும்போதே மாத்திரை கொடுக்கும் ஆளின் போனில் எண்ணைப் பதிந்துவிட வேண்டும். போன் செய்பவர் தனக்குத் தெரியாததற்குப் பதில் சொல்லிவிடக் கூடாது. எந்த அறிகுறிக்கு உடனே டாக்டரை இணைப்பது என்று ஒரு பட்டியல் பக்கத்தில் இருக்கட்டும்.

உங்கள் மருத்துவமனைக்கு எது

முப்பது படுக்கை வரை என்றால் தனியாக ஆள் எடுக்காதீர்கள். சிஸ்டர்கள், கவுன்டரில் ஒட்டும் தமிழ் லேபிள், ஒரு பக்கத் தாள், மூன்றாம் நாள் போன். இதில் ஒரே ஒரு மாற்றம் செய்யுங்கள்: விளக்கத்தை டிஸ்சார்ஜுக்கு முந்தின நாள் சாயங்காலத்துக்கு, வீட்டார் பார்க்க வரும் நேரத்துக்கு மாற்றுங்கள். இதற்குப் பைசா செலவில்லை.

நூறு படுக்கை என்றால் ஒரு க்ளினிகல் பார்மசிஸ்ட்டை எடுங்கள், ஆனால் இருபது பேரையும் அவர் தலையில் கட்டாதீர்கள். புதிதாக இன்சுலின் அல்லது இன்ஹேலர் தொடங்கியவர், ரத்தம் உறையாமல் இருக்க அசிட்ரோம் போன்றவை போடுகிறவர், இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர், ஸ்டீராய்டைப் படிப்படியாகக் குறைக்க வேண்டியவர், மெத்தோட்ரெக்சேட், ஐந்துக்கு மேல் மாத்திரை உள்ள முதியவர், வீட்டில் தனியாக இருப்பவர் என்று ஒரு பட்டியல் போட்டால் தினம் ஆறேழு பேர்தான் வருவார்கள். அது ஒருவரால் முடிகிற வேலை. ஸ்டென்ட் வைத்தவரிடம், பல் பிடுங்கப் போனாலும் இதய டாக்டரைக் கேட்காமல் மாத்திரையை நிறுத்தக் கூடாது என்று சொல்வதற்காகவே அந்தச் சம்பளம் தகும். மற்றவர்களுக்கு சிஸ்டர். பார்மசிஸ்ட்டுக்கு விடுப்பு வரும் ஞாயிற்றுக்கிழமை டிஸ்சார்ஜ்களைச் சனிக்கிழமையே பார்த்துவிடச் சொல்லுங்கள்.

அரசு மருத்துவமனை மருந்தகத்தில் நிற்கும் கூட்டத்துக்கு இந்தக் கணக்கெல்லாம் பொருந்தாது. அங்கே கவுன்டரில் விளக்கம் எதிர்பார்ப்பது நியாயமில்லை. தொற்றாநோய்ப் பிரிவில் சுகர், பிரஷர் பார்க்கும் செவிலியர்தான் பேசச் சரியான ஆள். வீட்டுக்கு மாத்திரை கொண்டுபோகும் தன்னார்வலரிடம் பழைய அட்டைகளை ஒருமுறை எண்ணிப் பார்க்கச் சொன்னால், போன மாத மாத்திரையில் எத்தனை மீதி என்பது தெரிந்துவிடும்.